ஐம்பத்துநான்கு மில்லிமீட்டர் படை

ஜூலை 9

இந்த நோட்டில் திட்டப் பணிகள் மட்டுமே எழுதப்படும். பஞ்சாலை ஆய்வகத்தில் முப்பத்துமூன்று வருடம் நூலின் முறுக்கை அளந்து குறிப்பு எழுதியவன் நான். எதையும் கூட்டாமல், எதையும் விடாமல் எழுத எனக்குத் தெரியும்.

திட்டம்: ஏழுமடைப் பாளையம், கழுகுமேட்டுப் பாளையம் ஆகிய இரண்டின் படைகளையும் உலோகத்தில் வார்ப்பது. பக்கத்துக்கு முப்பது காலாள், ஆறு குதிரைவீரர், ஒரு பீரங்கி. ஆள் உயரம் இருபத்தெட்டு மில்லிமீட்டர். மேசைப்போர் ஆடுபவர்கள் உலகெங்கும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட அளவு.

மேசைப்போர் என்பது: இரண்டு பேர், ஒரு மேசை, இரண்டு பொம்மைப் படைகள், ஓர் அளவுகோல், பகடை, ஒரு விதிநூல். வளர்ந்தவர்கள் ஆடுவது. இதற்குமேல் விளக்கம் கேட்டவர்களிடம் நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன்.

மேற்படி பாளையங்கள் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. நானும், என்னோடு ஆடிவந்த ஞானாபரணம் சாரும் பதினேழு வருடங்களுக்கு முன் உண்டாக்கியவை. உண்மையான பாளையங்களை எடுத்தால் யாராவது வந்து திருத்துவார்கள் என்று அஞ்சினோம். பதினேழு வருடத்தில் யாரும் வரவில்லை. நாங்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டோம்.

இதுவரை பிரெஞ்சுப் படையின் பிளாஸ்டிக் வீரர்களுக்கு வேட்டி போல வண்ணம் பூசி ஒப்பேற்றி வந்தோம். பூட்ஸை மறைக்க முடியவில்லை.

ஞானாபரணம் சார் இரண்டு வருடமாக வருவதில்லை. அதற்கும் இத்திட்டத்துக்கும் தொடர்பில்லை.

ஜூலை 16

ராஜ வீதி நகைக்கடைகளில் விசாரித்ததில் தெரிந்தது: காதணி வார்ப்பதும் காலாள் வார்ப்பதும் ஒரே வேலை. கணினியில் உருவம் செய்து, முப்பரிமாண அச்சில் எடுத்து, அதை ரப்பருக்குள் வைத்து அச்சுக்குழி உண்டாக்கி, உருக்கிய உலோகத்தை ஊற்றவேண்டும். கவரிங் நகைக்கு வார்க்கும் வெள்ளை உலோகம் போதும்.

நகை வடிவமைப்பாளர் விஜயலதா. நாற்பது வயதிருக்கும். ஜிமிக்கியில் பெயர் பெற்றவர். ஆர்டர் படிவத்தை எடுத்தார்.

"பேரனுக்குங்களா சார்?"

"எனக்குத்தான்."

"என்ன விசேஷமுங்க? கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, ஏதாச்சும் ஒண்ணு போடணும். இல்லீன்னா கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

"போர்."

ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு 'கல்யாணம்' என்ற கட்டத்தைத் தொட்டார்.

ஆகஸ்ட் 3

முதல் ஈட்டிக்காரனைத் திரையில் காட்டினார். உடை, தலைப்பாகை, ஈட்டி, கேடயம் எல்லாம் குறிப்பின்படி. முகம் மட்டும் மகாலட்சுமி. பகைவனைப் பார்த்து என்ன வரம் வேண்டும் என்று கேட்கிறான்.

"காசுமாலைக்கு லட்சுமி போட்டுப் போட்டு, முகம்னாவே கை அப்படித்தானுங்க சார் போகுது" என்றார் விஜயலதா.

"கோபமாக இருக்கவேண்டும்."

"கோவம்னா எந்த மாதிரிங்க? மாமியார் கோவமா, போலீஸ் கோவமா?"

யோசித்துவிட்டுச் சொன்னேன்: எதிரில் நிற்பவன்மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது, ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டான். அந்த முகம்.

மறுநாள் அனுப்பினார். மதியம் கவுண்டர் மூட ஒரு நிமிடம் இருக்கும்போது வரிசையில் வந்து நிற்பவனைப் பார்க்கும் வங்கி காசாளரின் முகம். மிகச் சரி.

ஆகஸ்ட் 11

மாதிரி அச்சு வந்தது. ஈட்டிக்காரனின் உச்சந்தலையில் சிறு வளையம். எதற்கு என்று கேட்டேன்.

"மாட்டறதுக்குங்க."

எடுக்கச் சொன்னேன். வருத்தத்தோடு எடுத்தார்.

ஆகஸ்ட் 20

மாதிரியைப் படமெடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இந்த ஆட்டம் ஆடுபவர்கள் என்னைச் சேர்க்காமல் ஒன்பது பேர். எட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். ஒன்பதாமவர் ஞானாபரணம் சார். பார்த்தார் என்று காட்டுகிறது.

ஆகஸ்ட் 21

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை. நான்கு முறை பார்த்ததில் உறுதியானது.

செப்டம்பர் 2

அரிசி களைந்துகொண்டே என் மனைவி சுலோசனா கேட்டாள்: "ஏனுங்க, நேரா அவிய வீட்டுக்குப் போயி, தப்பாப் பேசீட்டேன்னு சொன்னா எத்தன நேரமாகும்?"

"எதற்கு?"

"ரெண்டு நிமிசம் ஆகுமா? அதுக்குப் போயி ஒரு பட்டாளத்தையே செஞ்சுட்டிருக்கறீங்க."

சுலோசனாவுக்குப் போர்க்கலையில் ஈடுபாடு கிடையாது.

பின்னால் இதைப் படிப்பவருக்காக, ஞானாபரணம் சார் வராமல் போகக் காரணமான சர்ச்சையைப் பதிவு செய்கிறேன். மேசையின் நடுவில் ஒரு பனந்தோப்பு. அதற்கு அப்பால் என் குதிரைகள். தோப்பு பார்வையை மறைக்கும், எனவே அவற்றைச் சுடமுடியாது என்பது என் நிலை. விதிநூல் பதினான்காம் பக்கம் அப்படித்தான் சொல்கிறது. ஞானாபரணம் சார் சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரர். "பனையில ஓலை இருக்கது உச்சியில வே. கீழ வெறும் தூருதான். ஊடால குதிர போனா தெரியாதா?" என்றார். விதிநூலை எழுதிய வெள்ளைக்காரர் வாழ்நாளில் பனையைப் பார்த்திருக்கமாட்டார் என்பதும் அவர் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பனைக்கென்று தனி விதி எழுதப்படவில்லை.

அதன் பிறகு நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அவர் எழுந்து போனார்.

செப்டம்பர் 17

இருமல் மருந்து வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். ஞானாபரணம் சாரின் மனைவி எப்சிபா அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் மூன்று வகைக் கண்சொட்டு மருந்து.

"நல்லா இருக்கீகளா அண்ணாச்சி? வீட்டுப் பக்கமே வாரதில்ல."

"வேலை. சார் எப்படி இருக்காரு?"

"இருக்காக. ஒங்களுக்குத் தெரியும்லா, கண்ணுல பிரஷர். வலது கண்ணுல வெளிச்சம் மட்டுந்தான். எடது கண்ணுல நேரா இருக்கது தெரியுது, பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. இருக்கத காப்பாத்தத்தான் இந்த மருந்து." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஒங்ககிட்ட சொல்லலியா?"

"எப்போதிருந்து?"

"ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சே. பேப்பர்ல பெரிய எழுத்து மட்டும் வாசிக்காக. மீதியெல்லாம் நான் வாசிக்கணும். செத்தவங்க செய்திய ரெண்டு தடவ வாசிக்கணும்."

இருமல் மருந்து வாங்காமல் வந்துவிட்டேன். இருமல் அப்படியொன்றும் கடுமையாக இல்லை.

செப்டம்பர் 18

விஜயலதாவிடம் ஆள் உயரத்தை ஐம்பத்துநான்கு மில்லிமீட்டராக மாற்றச் சொன்னேன். காரணம்: வேட்டி மடிப்பின் துல்லியம்.

"அளவு ரெண்டு மடங்குன்னா எடை ஏழு மடங்குக்கு மேல போகுமுங்க சார். காது தாங்காது."

"காதில் போடப்போவதில்லை."

"ஆமாமுங்க, மறந்துட்டேன். அப்ப இத்தன நாள் போட்டதெல்லாம்?"

"மறுபடி."

செப்டம்பர் 24

நிறங்கள் மாற்றப்பட்டன. ஏழுமடைக்கு அரக்கு, கழுகுமேட்டுக்குக் கருநீலம் என்பது பதினேழு வருட வழக்கம். இனி ஏழுமடைக்கு மஞ்சள், கழுகுமேட்டுக்குக் கறுப்பு. ஏழுமடை வட்டாரத்தில் மஞ்சள் பெருமளவு விளைந்தது என்று அந்தப் பாளையத்தின் வரலாற்றில் இன்று காலை சேர்த்தேன்.

தூரம் அளக்க வைத்திருந்த தையற்கடை டேப்பைக் கைவிட்டேன். தச்சரிடம் சொல்லி, அரை அங்குலத்துக்கு ஒரு பள்ளமும் அங்குலத்துக்கு ஓர் ஆழமான பள்ளமும் வெட்டிய மரச்சட்டம் செய்தாகிவிட்டது. காரணம்: அழகு.

பகடை எலுமிச்சம்பழ அளவில் வாங்கியுள்ளேன். கடையில் அதுதான் இருந்தது. ஐந்தாவது கடையில்.

அக்டோபர் 1

எதையும் விடாமல் எழுதுவேன் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எனவே அந்த வாக்கியம்:

"மொதல்ல கண்ணாடிய மாத்துங்க சார். எதுத்தாப்புல இருக்கற பகடையே தெரியல, பனைக்குள்ள குதிரை தெரியுதாக்கும்."

அன்று மாலை அவர் இரண்டு முறை தன் படை என்று நினைத்து என் படையை நகர்த்தியிருந்தார். ஒருமுறை பகடையில் நான்கை ஆறு என்று படித்தார். ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். மற்ற எட்டுப் பேரும் சுற்றி நின்றிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று அப்போது எனக்கும் தோன்றியது.

நவம்பர் 5

தீபாவளி நெருக்கடி. என் படை ஜிமிக்கிகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதாக விஜயலதா சொன்னார். ஜிமிக்கி எத்தனை என்று கேட்டேன். நாலாயிரம் ஜதை.

டிசம்பர் 3

படை வந்தது. வெல்வெட் வைத்த நகைப்பெட்டிகளில், பெட்டிக்கு இரண்டு பேராக.

முதல் பெட்டியைத் திறந்ததும் கண்டேன். இரண்டு ஈட்டிக்காரர்கள். ஒருவனுக்கு வலக்கையில் ஈட்டி, இடக்கையில் கேடயம். அடுத்தவனுக்கு இடக்கையில் ஈட்டி, வலக்கையில் கேடயம். மற்றபடி கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே ஆள். முப்பது பெட்டியிலும் அப்படியே. அறுபது காலாளில் முப்பது பேர் இடக்கையர். பன்னிரண்டு குதிரைகளில் ஆறு, வலதுபுறமாக இறங்கும்படி சேணம் பூட்டப்பட்டவை.

தொலைபேசியில் அழைத்தேன்.

"ஆமாமுங்க சார், ஜதை போட்டிருக்கேன்" என்றார். "ஒண்ணு செஞ்சா அதைத் திருப்பி இன்னொண்ணு எடுத்துருவோம். இந்தக் காதுக்கு ஒண்ணு, அந்தக் காதுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே பக்கம் பாத்துட்டு இருந்தா பொம்பளைங்க மூஞ்சில எறிஞ்சுருவாங்களே."

"படைவீரனுக்கு ஜதை கிடையாதுங்க."

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? தப்புத்தானுங்க. குடுத்துடுங்க, உருக்கி மறுபடியும் ஊத்தித் தர்றேன். பத்தே நாளு."

பெட்டியிலிருந்த இடக்கையனை இன்னொருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றேன். உலோகம் வீணாகும்.

"உருக்கினா ஒண்ணும் வீணாகாதுங்களே சார்."

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 4

வரிசைப்போர் அறியாதவருக்கு: ஈட்டிக்காரர்கள் தோளோடு தோள் நின்று கேடயங்களை வேலிபோல் சேர்த்துப் பிடிப்பார்கள். நடுவில் ஓர் இடக்கையன் நின்றால் வேலியில் ஓட்டை விழும். அவன் ஈட்டி பக்கத்தில் இருப்பவனின் விலாவில் இடிக்கும். பாதிப்பேர் இடக்கையரான படையைப் பார்க்கும் எந்த நிபுணருக்கும் வயிறு எரியும். ஞானாபரணம் சார் முப்பது வருடம் கணக்கு வாத்தியார். சரியான விடைக்கு அவர் ஒருபோதும் எதுவும் சொன்னதில்லை. ஒரு டிக் போட்டு நகர்ந்துவிடுவார். தவறான விடைக்கு விளிம்பு நிறைய எழுதுவார்.

இதை ஒரு பொதுத் தகவலாகக் குறிக்கிறேன்.

டிசம்பர் 24

வண்ணம் பூசும் வேலை. மஞ்சள் படை நான். கறுப்புப் படை சுலோசனா. தானாகவே வந்து உட்கார்ந்தாள். "மூஞ்சிக்கெல்லாம் ஒரே நிறம் போதுங்களா?" என்பதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 7

படை தயார். குழுவில் போடப் படம் எடுத்தேன். ஏழுமடையின் இடக்கையர் பதினைந்து பேர் மட்டும் ஒரே வரிசையில். அந்தப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. மிக அருகில் வைத்து எடுத்தேன். கீழே எழுதியது: "ஏழுமடைப் படையின் முதல் வரிசை. துல்லியமாக அமைந்துவிட்டது."

காலை பத்து மணிக்குள் எட்டுக் கட்டைவிரல்கள். ஒருவரும் கவனிக்கவில்லை. இந்த வட்டாரத்தில் கலையின் நிலை இதுதான்.

பதினொன்று பத்துக்கு:

"எல்லாவனும் எடக்கையனா?"

ஞானாபரணம் சார். இரண்டு வருடம் ஐந்து மாதத்துக்குப் பிறகு. எழுதாமல் குரலில் பேசி அனுப்பியிருந்தார். பின்னால் குக்கர் விசில்.

ஏழுமடையில் அதுதான் வழக்கம் என்று நானும் குரலில் பதில் சொன்னேன்.

"எவஞ் சொன்னான்?"

"ஆதாரம் இருக்கு சார்."

"ஏழுமடைய உண்டாக்கினது நான்வே! கழுகுமேடுதான் ஒம்மது. எனக்குத் தெரியாத ஆதாரம் ஒமக்கு எங்கேருந்து வந்துச்சு? ஒருத்தன் ஈட்டி அடுத்தவன் வெலாவுல ஏறும். பள்ளிக்கூடத்துப் பய செய்வானா இத? கேடயம் வலக்கையிலயாம்! நாளைக்கு வாரேன். நேர்லதான் பேசணும்."

வாருங்கள் என்று சொன்னேன். குரல் சரியாகப் பதிவாகவில்லையோ என்று சந்தேகம் வந்து, எழுத்திலும் அனுப்பினேன். பெரிய எழுத்து போடும் வழி வாட்ஸப்பில் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு செய்தியாக அனுப்பலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன்.

ஜனவரி 8

மூன்று மணிக்கு ஆட்டோவில் வந்தார்கள். எப்சிபா அம்மா படி இருக்கிற இடத்தைச் சொன்னார். சார் காதில் வாங்காததுபோல் பாவித்து, சரியாகக் கால் வைத்து ஏறினார். மெலிந்திருக்கிறார். அம்மா சுலோசனாவோடு உள்ளே போனார்.

மேசையின் முன் உட்கார்ந்து ஓர் ஈட்டிக்காரனை எடுத்து, இடது கண்ணுக்கு நேரே பிடித்து, தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஈட்டி, கேடயம், மடிப்பு என்று தடவினார்.

"ஏம்வே இவ்வளவு பெருசு?"

"வேட்டி மடிப்பு தெரியறதுக்கு சார்."

"மஞ்சளு?"

"அந்தப் பக்கம் மஞ்சள் விளைச்சல்."

"ஏழுமடையிலயா? அது கருவக் காடுவே. நான் மஞ்சளே போடலியே." மரச்சட்டத்தை எடுத்துப் பள்ளங்களை எண்ணினார். பகடையை உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்தார். "ம்" என்றார்.

பிறகு இடக்கையர் விசாரணை முக்கால் மணி நேரம். நகைக்கடை ஜதை விஷயத்தைச் சொன்னதும் மேசையைத் தட்டிச் சிரித்தார். தீர்ப்பு: இடக்கையர் பதினைந்து பேரும் இடது கோடியில் தனி அணி. தங்களுக்குள் இடித்துக்கொள்ளமாட்டார்கள், எதிரிக்கும் குழப்பம். நான் ஏற்றேன். சரி, ஒரு ஆட்டம் போட்டுத்தான் பார்த்துவிடுவோமே என்றார்.

அவர் ஏழுமடை. நான் கழுகுமேடு.

நகர்த்தும்போதெல்லாம் நானே சட்டத்தை வைத்துத் தூரத்தைச் சொன்னேன். அளக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. மூன்றாம் சுற்றில் அவருடைய குதிரைகள் என் பீரங்கியை நோக்கிப் பாய்ந்தன. குதிரை ஒரு சுற்றில் ஆறு அங்குலம்தான் போகலாம். சட்டத்தை வைத்து, "சரியா ஆறு. எட்டிருச்சு சார்" என்றேன்.

அவர் கையை நீட்டிச் சட்டத்தின்மேல் விரலை ஓட்டினார். ஒவ்வொரு பள்ளமாக. குதிரையின் மூக்கு வரை.

"ஆறரை" என்றார்.

"கை தவறிருச்சு."

"போன சுத்துலயும் அரை தவறிச்சு. அதுக்கு முந்தியும். மூணு தடவையும் என் பக்கமாவே தவறுமோ?"

முகத்தை நேரே என் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்கு நீரு சொன்னீரே, கண்ணாடிய மாத்தச் சொல்லி. அடுத்த வாரமே டாக்டர்ட்ட போனேன். ஒரு கண்ணு முடிஞ்சு போச்சுன்னாரு. எனக்கே தெரியாது அதுவரைக்கும். ஒம்ம மேல கோவம்லாம் இல்ல. நீரு ஜெயிக்கதுக்கு ஒரு வார்த்த சொன்னீரு. ஆட்டத்துல சொல்லுகதுதான். பொறவு நான் வராதது, நாலு பேருக்கு முன்னால தடவிக்கிட்டு நிக்க வெக்கப்பட்டுத்தான். ஆனா இன்னைக்கு நான் ஜெயிக்கணும்னு பொய் சொல்லுதீரு பாரும், இதுக்குத்தான் கோவம் வருது. தர்மத்துக்கு வாங்குத அரை அங்குலம் எனக்கு வேண்டாம். குதிரைய எடுத்துப் பின்னால வையும்."

மன்னிப்புக் கேட்பதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். நவம்பரிலேயே எழுதி, இருமுறை திருத்தியது. அதைச் சொல்ல இது பொருத்தமான இடமாகப் படவில்லை. குதிரைகளை அரை அங்குலம் பின்னால் வைத்தேன்.

அந்த அரை அங்குலத்தால் அவை பீரங்கியை எட்டவில்லை. அடுத்து என் முறை.

பீரங்கி சுட்டது. எலுமிச்சம்பழப் பகடையில் ஆறு. விரலால் குழியை எண்ணிப் பார்த்துக்கொண்டார். ஆறு குதிரையும் போயின.

"அட பாவி" என்றார்.

பிறகு அவருடைய நடு அணியில் விழுந்த இடைவெளிக்குள் என் ஈட்டிக்காரர்களைச் செலுத்தினேன். அவர் வலது கண் பக்கமாக, அவரால் பார்க்கமுடியாத ஓரத்தில் என் குதிரைகளை நகர்த்தினேன். நகர்த்துகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன், தூரத்தையும் சரியாகச் சொன்னேன். ஆனாலும் அந்தப் பக்கமாகத்தான் நகர்த்தினேன். "கொலைகாரன்வே நீரு" என்றார். "கழுகுமேட்டுக்காரன் புத்தி" என்றார். இடக்கையர் அணி இரண்டு சுற்று தாக்குப்பிடித்தது. பிறகு அதை வீழ்த்தியதற்காக என் பீரங்கிப் படையின் பிறப்பைப் பற்றி அவர் சொன்னவை இங்கே எழுதத்தக்கவை அல்ல. முகம் சிவந்திருந்தது. காப்பி ஆறிவிட்டது.

ஐந்தரை மணிக்கு ஆட்டம் முடிந்தது. சாலை வரை போய் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்த பிறகும் மனைவியிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்: "பாத்தியா எப்சி, ஈவு இரக்கமே இல்ல இந்த ஆளுக்கு. ஒருத்தனையாவது விடணுமே!" பல்லெல்லாம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணி என்று என்னிடம் விரலைக் காட்டிச் சொன்னார், ஆட்டோ கிளம்பியது.

திரும்பி வந்து சரிபார்த்தேன். அவருடைய முப்பத்தாறு பேரில் முப்பத்திரண்டு பேரைக் கொன்றிருக்கிறேன். மீதி நான்கு பேருக்கு நேரம் போதவில்லை.